மெட்டு முன்னாடியா, வரி முன்னாடியா? ராட்ஜர்ஸைக் கேளுங்க

எங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல சில சண்டை வருஷம் தவறாம வரும். பிரியாணிக்குத் தாளிச்சாவா, கத்தரிக்காயா? (கத்தரிக்காய்தான், பேச்சே இல்ல.) சென்னையா, மதுரையா? அப்புறம் இது: சினிமாப் பாட்டுக்கு மெட்டு முதல்ல வரணுமா, வரி முதல்ல வரணுமா?

இந்தத் தடவை ஒருத்தன் நீளமா ஒரு ஃபார்வர்டு போட்டான். மெட்டுக்கு எழுதறவன் கவிஞனே இல்லையாம். பெட்டியைச் செஞ்சு வச்சுட்டு அதுக்குப் பொணம் தேடற வேலையாம். (இந்தக் கிண்டலுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி.) கீழே வரிசையா கைதட்டற எமோஜி. எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? "அப்போ ராஜா சார் பாட்டெல்லாம் என்னடா?"ன்னு ஒருத்தன் சட்டையை மடிச்சு விட்டுட்டு இறங்கிட்டான். அட்மின் பாவம், குட் மார்னிங் ரோஜாப்பூ போட்டு சமாதானம் பண்ணப் பார்த்தான். மணி ராத்திரி பதினொண்ணு.

எனக்கு எரிச்சல் எதுலன்னா, ரெண்டு பக்கமும் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணாத குறையா பேசறாங்க, ஆதாரம் மட்டும் யார்கிட்டயும் இல்ல. ஒரு பாட்டு பிரமாதமா வந்தா, அது வரி முதல்ல வந்ததாலயா, இல்ல அதைப் பண்ணினவங்க கெட்டிக்காரங்கங்கறதாலயா? எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

அதுக்கு ஒரே இசையமைப்பாளர் வேணும். பாதி வாழ்க்கை மெட்டை முதல்ல போட்டிருக்கணும். மீதி வாழ்க்கை வரியை வாங்கி வச்சுட்டு மெட்டு போட்டிருக்கணும். ரெண்டுலயும் ஜெயிச்சிருக்கணும்.

அப்படி ஒருத்தர் இருந்தார். நியூயார்க்காரர். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ். 1902ல பிறந்து 1979ல போனார். பிராட்வே மேடைக்கு இசை போட்டவர். பேரு தெரியலைன்னாலும் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' தெரியும்ல? அந்த இசை இவரோடது. அது அவருடைய ரெண்டாவது வாழ்க்கையோட கடைசிப் பக்கம். முதல் வாழ்க்கையில வேற கவிஞர், வேற முறை, கிட்டத்தட்ட வேற ஆள்.

குரூப்ல இதை எழுத ஆரம்பிச்சேன். "ரீட் மோர்" தாண்டி யாரும் படிக்க மாட்டானுங்கன்னு தெரிஞ்சுது. அதான் இங்க வந்துட்டேன்.

---

முதல் கவிஞர் லாரன்ஸ் ஹார்ட். எல்லாரும் கூப்பிடறது லாரி.

1919ல சந்திக்கறாங்க. ராட்ஜர்ஸுக்கு 16 வயசு. டாக்டர் வீட்டுப் பையன், அம்மா பியானோ வாசிப்பாங்க, வீட்ல எப்பவும் பாட்டு. ஹார்ட்டுக்கு வயசு 23. ரொம்பக் குள்ளம், அஞ்சடிகூடத் தேறமாட்டார். வாயில எப்பவும் சுருட்டு, தலை நிறைய வார்த்தை. அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் மட்டமான எதுகையில ஓடுது, ஜனங்களுக்கு அதைவிட புத்தி இருக்குன்னு அந்தப் பையன்கிட்ட பிரசங்கமே பண்றார். பையன் அன்னிக்கே விழுந்துட்டான்.

அதே 1919ல ஒரு பாட்டு பிராட்வேல ஏறிடுச்சு. அடடான்னு நினைக்காதீங்க. அடுத்த வருஷம் ஒரு முழு நாடகத்துக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தாங்க. திரை ஏறும்போது பார்த்தா, பாதிப் பாட்டைத் தூக்கிட்டு வேற ஒரு சீனியர் இசையமைப்பாளரோட பாட்டைச் சொருகியிருக்காங்க. (நம்ம ஊர் உதவி இயக்குநர்கள் படிச்சா கண்ணுல தண்ணி வந்துடும்.) அதுக்கப்புறம் வருஷக்கணக்குல அமெச்சூர் நாடகம், காலேஜ் நாடகம், தர்ம காரியத்துக்கு நடக்கற நாடகம். காசு பெயரல.

1925ல ராட்ஜர்ஸ் முடிவே பண்ணிட்டார். போதும்டா சாமி. குழந்தைங்க உள்ளாடை வியாபாரத்துல ஒரு வேலை இருக்கு, வாரம் 50 டாலர். சரின்னு சொல்லப் போற நேரம். உலகத்துக்கு ஒரு நல்ல ஜட்டி சேல்ஸ்மேன் கிடைச்சிருப்பார்.

அந்த நேரத்துல தியேட்டர் கில்டுன்னு ஒரு நாடக நிறுவனம் கூப்பிடுது. புதுசா கட்டற அரங்கத்துல மாட்டறதுக்கு அலங்காரத் திரைச்சீலை வாங்கணும், அதுக்கு நிதி திரட்ட ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டே ரெண்டு காட்சி, சின்னப் பசங்களை வச்சு. பேரு 'தி காரிக் கெயிட்டீஸ்'. அதுல 'மன்ஹாட்டன்'னு ஒரு பாட்டு. சில வருஷம் முன்னாடி, மேடையே ஏறாத ஒரு நாடகத்துக்காகப் போட்டு வச்சிருந்த சரக்கு. காசில்லாத காதலர்கள் நியூயார்க்கோட அழுக்கு மூலையெல்லாம் சுத்திட்டு அதுதான் சொர்க்கம்னு பாடற பாட்டு. கூட்டம் விடவே இல்ல. ரெண்டு காட்சி 200க்கு மேல போச்சு. திரைச்சீலையும் வந்தாச்சு, ஜட்டி வியாபாரமும் பிழைச்சுது.

அதுக்கப்புறம் 18 வருஷம் மழைதான்.

---

எப்படி வேலை செஞ்சாங்கன்னு பாருங்க, அதுதான் நமக்கு முக்கியம்.

ஹார்ட் இருப்பாரே, ஆளே அகப்பட மாட்டார். காலையில வரேன்னா மத்தியானம் வருவார். வந்தாலும் தலைவலி. தலைவலின்னா முந்தின ராத்திரி குடி. மேஜையில உக்கார வைக்கறதே ராட்ஜர்ஸுக்கு ஒரு உத்தியோகம். ராட்ஜர்ஸோ நேர் எதிர். கோட்டு சூட்டு, நேரத்துக்கு வருவார், பார்க்க பேங்க் அதிகாரி மாதிரி இருப்பார்னு எல்லாரும் சொல்லுவாங்க. இந்த ஜோடிக்கு நடைமுறையில ஒரே வழிதான். ராட்ஜர்ஸ் மெட்டை முடிச்சு வச்சுப்பார். ஹார்ட் சிக்கின நேரத்துல வாசிச்சுக் காட்டுவார். ஹார்ட் கையில கிடைச்ச தாள்ல அப்படியே எழுதித் தள்ளுவார். நிமிஷத்துல. ராட்ஜர்ஸ் அறையை விட்டு நகரக்கூடாது, நகர்ந்தா கவிஞர் கிளம்பிடுவார்.

பெரும்பாலும் மெட்டு முதல், வரி அப்புறம். நம்ம கோடம்பாக்கம் முறை.

இந்த முறையோட உச்சக்கட்டக் கூத்து 'ப்ளூ மூன்'. கதையைக் கேளுங்க. 1930கள்ல ரெண்டு பேரும் ஹாலிவுட்ல எம்ஜிஎம் சம்பளத்துல இருக்காங்க. ராட்ஜர்ஸ் ஒரு மெட்டு போடறார். ஒரு நடிகை கடவுள்கிட்ட வாய்ப்பு கேட்டுப் பிரார்த்தனை பண்ற மாதிரி ஹார்ட் வரி எழுதறார். படத்துல வரல. அதே மெட்டுக்கு வேற வரி, இப்போ ஒரு கேங்ஸ்டர் படத்துக்கு டைட்டில் பாட்டு. வெட்டிட்டாங்க. அதே படத்துக்கு மூணாவது வரி, எல்லா ஆம்பளைங்களும் மோசம்னு ஒரு பொண்ணு கிளப்புல பாடற பாட்டு. படத்துல வந்துச்சு, யாரும் கவனிக்கல. அப்புறம் எம்ஜிஎம்மோட இசை வெளியீட்டு ஆள் வந்து, "மெட்டு நல்லாயிருக்கு, ஜனங்களுக்குப் புரியற மாதிரி எளிமையா, காதலா எதாவது எழுதுங்க"ன்னு சொல்றார். ஹார்ட் முகத்தைச் சுளிச்சுட்டே நாலாவது தடவை எழுதறார்.

அதுதான் ஓடுச்சு. பிராட்வேலயும் இல்லாம சினிமாலயும் இல்லாம தனிப்பாட்டா வந்து ஹிட்டான ஒரே ராட்ஜர்ஸ்-ஹார்ட் பாட்டு. அப்புறம் பில்லி ஹாலிடே பாடினாங்க, எல்விஸ் பாடினார், 1961ல மார்செல்ஸ்னு ஒரு குழு அதைக் கூச்சலும் கும்மாளமுமா பாடி நம்பர் ஒன் ஆக்கினாங்க.

பிரார்த்தனை, கேங்ஸ்டர், ஆம்பளைங்க மோசம், நிலா. நாலுக்கும் ஒரே மெட்டு. "மெட்டுல உணர்ச்சி ஏற்கெனவே இருக்கு, கவிஞன் அதைக் கண்டுபிடிச்சா போதும்"னு எதிர்க்கட்சி பேசுதே, அவங்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் கஷ்டம். எந்த உணர்ச்சி இருந்துச்சு அதுல?

---

எனக்கும் ஆசை வந்துடுச்சு. எங்க ஆபீஸ்ல சீனியர் ஒருத்தருக்கு ரிட்டயர்மென்ட் விழா. பாட்டு வேணும்னாங்க. சரி, ராட்ஜர்ஸ் மெட்டுக்கே எழுதறேன்னு சொல்லி அக்கா பையனைக் கீபோர்டோட உக்கார வச்சுட்டேன்.

'ப்ளூ மூன்' ஆரம்பத்துல குட்டையா ஒரு சுரம், அதே இடத்துலயே நின்னு நீட்டமா ஒண்ணு. அப்புறம் பொடிநடையா சில சுரம். முதல்ல 'நன்றி'ன்னு போட்டுப் பார்த்தேன். 'றி'யை எவ்வளவு நேரம் இழுக்கறது? கதவு கிறீச்சிடற மாதிரி இருந்துச்சு. 'வணக்கம்' மூணு அசை, இடிக்குது. 'தலை' ஊஹூம், ஐகாரம் இழுத்தா அழுகை. கடைசியா 'சலாம்' வந்து உக்காந்துச்சு பாருங்க! 'ச' குட்டை, 'லாம்' நீட்டம், முடிவுல வாயை மூடிட்டு ம்ம்ம்னு வேணும்ங்கற அளவுக்கு இழுக்கலாம். அந்த ஒரு வார்த்தை கிடைச்சதும் மொத்தப் பாட்டோட குணமே மாறிடுச்சு. கண்ணீர்ப் பாட்டா எழுத நினைச்சது, சாரைக் கலாய்க்கற பாட்டா ஆயிடுச்சு. அவரோட பழைய ஸ்கூட்டர், லீவ் லெட்டரைப் படிக்காமலேயே ரிஜெக்ட் பண்றது, எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. நானா யோசிச்சா அதை எழுதியிருக்க மாட்டேன். மெட்டு என்னை அங்க தள்ளிட்டுப் போச்சு.

பெட்டி-பொணம் கிண்டலுக்கு என் பதில் இதான். மெட்டு கவிஞனைக் கட்டிப்போடறது நிஜம். ஆனா அவன் வழக்கமா போற ரோட்டையும் அடைச்சுடுது. வேற சந்துல புகுந்துதான் ஆகணும். ஹார்ட்டோட குறும்பு, யாரும் எதிர்பார்க்காத எதுகை, ஒரு வார்த்தையை நடுவுல ஒடிச்சு அடுத்த அடிக்குக் கொண்டுபோற வித்தை, இதுக்கெல்லாம் அந்த நெருக்கடிதான் பாதிக் காரணம்னு நான் நம்பறேன்.

(ஒரு கிளைக்கதை. 1937ல 'பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்'. 'மை ஃபன்னி வேலன்டைன்' அந்த நாடகத்துலதான் வருது. நாம நினைக்கற மாதிரி பிப்ரவரி 14 வாழ்த்து அட்டைப் பாட்டு இல்ல அது. கதையில வர்ற பையன் பேரு வேலன்டைன்! பாட்டுக்குப் பொருத்தமா பாத்திரத்துக்குப் பேரு வச்சிருக்காங்க. அந்தப் பையன் அழகில்ல, புத்தியும் சுமார், ஆனா மாறிடாதேன்னு ஒரு பொண்ணு அவன்கிட்ட சொல்ற பாட்டு. அதை எழுதினவர், கண்ணாடியைப் பார்த்தாலே தன்னை வெறுத்த ஒரு மனுஷன். அந்தக் காலத்துல வெளியே சொல்ல முடியாத தன்பாலீர்ப்பு, உயரம், தனிமை, குடி. அவர் வரிகளைக் கேட்டுச் சிரிச்சவங்க யாரும் அவரைத் திருப்பிக் காதலிக்கல. இதுக்கு மேல இதைப் பத்தி எழுதினா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.)

---

1942. ஹார்ட் கை மீறிப் போயாச்சு. தியேட்டர் கில்டு மறுபடி கூப்பிடுது. அமெரிக்காவோட ஓக்லஹோமா பக்கத்து மாடு மேய்க்கறவங்க, விவசாயிங்க பத்தின ஒரு பழைய நாடகம், அதை இசைநாடகமா மாத்தணும். ஹார்ட்டுக்கு இஷ்டமில்ல. கவுபாய், சோளக்கொல்லை, அவருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? சரியா சொன்னா, அவர் அப்போ ஆஸ்பத்திரியில படுக்க வேண்டிய நிலைமை. மெக்சிகோ கிளம்பிட்டார்.

ராட்ஜர்ஸ் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன்கிட்ட போனார். தாத்தா காலத்துலேர்ந்து நாடகக் குடும்பம். 1927ல இசையமைப்பாளர் ஜெரோம் கெர்னோட சேர்ந்து 'ஷோ போட்' நாடகம் கொடுத்தவர். ஆனா அப்போ பத்து வருஷமா கையில வெற்றி இல்ல. ராசியில்லாத ஆள்னு பேரு.

இங்கதான் முறை தலைகீழாகுது. ஹாமர்ஸ்டைன், "நான் வரியை எழுதித் தரேன், நீ மெட்டு போடு"ங்கறார். பென்சில்வேனியாவுல பண்ணை வீடு. உயரமான மேஜை முன்னாடி நின்னுட்டேதான் எழுதுவார். ஒரு பாட்டுக்கு வாரக்கணக்குல. நாடகத்தோட முதல் பாட்டு, ஒரு கவுபாய் காலை நேரத்தைப் பத்திப் பாடறது, அதுக்கு மட்டும் மூணு வாரம். சோளம் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்குன்னு சொல்ல முதல்ல குதிரையோட கண்ணை அளவா வச்சாராம். அப்புறம் பக்கத்து வயல்ல போய்ப் பார்த்தா சோளம் அதைவிட உயரமா நிக்குது. அதனால குதிரை போய் யானை வந்துச்சு. (ஓக்லஹோமாவுல யானை எங்கேர்ந்துன்னு கேக்காதீங்க. பாட்டுக்கு வந்துச்சு, அவ்வளவுதான்.)

மூணு வாரம் செதுக்கின வரியை ராட்ஜர்ஸ்கிட்ட கொடுத்தார். பத்து நிமிஷத்துல மெட்டு ரெடி.

பாவம் மனுஷன்!

அது ஒரு தடவை இல்ல. அப்புறம் வந்த 'சவுத் பசிபிக்' நாடகத்துல ஒரு மாயத்தீவைப் பத்தின பாட்டு, 'பாலி ஹாய்'. ஹாமர்ஸ்டைன் டைப் அடிச்ச தாளை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல நீட்டறார். ராட்ஜர்ஸ் தட்டை நகர்த்திட்டு, காபி ஆறதுக்குள்ள சுரத்தை எழுதிட்டார். முதல் மூணு சுரம்தான் மொத்தப் பாட்டும்: ச, ஒரே தாவுல மேல் ச, அங்கேர்ந்து அரைப்படி இறங்கி நி. எட்டின மாதிரி இருக்கும், எட்டாது. தீவும் அப்படித்தான். பாடிப் பாருங்க, ஹார்மோனியம் இருந்தா இன்னும் நல்லது.

'தி கிங் அண்ட் ஐ'ல 'ஹலோ, யங் லவ்வர்ஸ்'. அதுக்கு ஹாமர்ஸ்டைன் வாரக்கணக்குல உயிரை விட்டார். ஆள் வச்சு வரியை அனுப்பிட்டு போன் பக்கத்துலயே காத்திருக்கார். நாள் போகுது, பதில் இல்ல. கடைசியில ராட்ஜர்ஸ் வேற ஏதோ விஷயமா போன் பண்ணி, பேசி முடிச்சு வைக்கப் போகும்போது, அந்த வரியா, ஆங், நல்லா உக்காருதுங்கற மாதிரி ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஹாமர்ஸ்டைன் நண்பர் ஒருத்தர்கிட்ட இதைச் சொல்லிப் புலம்பினாராம். உலகத்துக்கே பொறுமைசாலின்னு பேரெடுத்தவர்.

சீக்கிரம் போட்டுடறீங்களேன்னு கேட்டா ராட்ஜர்ஸுக்குப் பிடிக்காது. கதையும் பாத்திரமும் பாடப் போறவங்க குரலும் மாசக்கணக்குல மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு, பேனாவை எடுக்கற பத்து நிமிஷத்தை மட்டும் எண்ணாதீங்கம்பார். நியாயம்தான். 'தி கிங் அண்ட் ஐ' நாயகி கெர்ட்ரூட் லாரன்ஸுக்குக் குரல் எல்லை கம்மி, சுருதியும் சில நாள் காலை வாரும். அந்தச் சின்ன எல்லைக்குள்ளயே அவங்க பாட்டெல்லாம் அடங்கற மாதிரி போட்டிருக்கார். கேக்கறவங்களுக்கு அது குறையா தெரியவே தெரியாது.

---

வரியை முதல்ல எழுதற முறையையும் நான் முயற்சி பண்ணினேன். அதே ரிட்டயர்மென்ட் விழாவுக்கு ரெண்டாவது பாட்டு. உருக்கமா, எதுகை மோனையோட, நாலு நாலு சீரா அழகா எழுதி அக்கா பையன்கிட்ட கொடுத்தேன். ஒரு ரவுண்டு வாசிச்சுட்டுச் சொன்னான்: "மாமா, இது ஸ்கூல் பிரேயர் மாதிரி இருக்கு."

கோவம் வந்துச்சு. ஆனா கேட்டுப் பார்த்தா அவன் சொன்னது சரிதான். எல்லா அடியும் ஒரே நீளம். ஒரே இடத்துல மூச்சு. மெட்டு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் என் வரி காலைப் பிடிச்சு இழுக்குது.

அப்போதான் ஹாமர்ஸ்டைன் பண்ணின ஒரு வேலை எனக்கு விளங்குச்சு. வரி எழுதும்போது மனசுக்குள்ள ஒரு பொய் மெட்டு போட்டுப்பார். சொந்தக் கற்பனை, வெளியே யாருக்கும் பாடிக் காட்ட வெக்கப்படற அளவுக்கு மட்டமான மெட்டு. அதுல உக்கார வச்சுத்தான் வரியை வளைப்பார், நீட்டுவார், குறைப்பார். வரி முடிஞ்சதும் அந்த மெட்டைத் தூக்கிப் போட்டுட்டு வெறும் தாளை ராட்ஜர்ஸுக்கு அனுப்புவார்.

ஆக, "வரிக்கு மெட்டு"ன்னு நாம பெருமையா சொல்றோமே, அந்த முறையோட பெரிய குருவே மெட்டுக்குத்தான் எழுதியிருக்கார். என்ன, அது அவரோட மெட்டு. இதைக் குரூப்ல போட்டா ரெண்டு கட்சியும் என்னை அடிக்கும்.

---

அந்தக் கவுபாய் நாடகம், 'ஓக்லஹோமா!', 1943 மார்ச் 31ல நியூயார்க் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நியூ ஹேவன்ல வெள்ளோட்டம் பார்த்தவங்க, இதுல ஜோக்கும் இல்ல, கால் தூக்கி ஆடற பொண்ணுங்களும் இல்ல, தேறாதுன்னு சொல்லிட்டாங்க. திரை ஏறினா நடனக் கூட்டமே இல்லாம ஒரு கிழவி வெண்ணெய் கடைஞ்சுட்டு இருக்கா, மேடைக்கு வெளியேர்ந்து ஒரு குரல் பாடிட்டே வருது. இப்படி எவனாவது ஆரம்பிப்பானா? 2,212 காட்சி ஓடுச்சு.

முதல் நாள் அரங்கத்துல ஹார்ட்டும் உக்காந்திருந்தார். சிரிச்சார், கைதட்டினார். முடிஞ்சதும் ராட்ஜர்ஸைக் கட்டிப் பிடிச்சு, இது எத்தனையோ வருஷம் ஓடும்னு வாழ்த்தினார். இருபத்திச் சொச்சம் வருஷக் கூட்டாளி, தான் இல்லாம போட்ட முதல் நாடகத்துல உச்சத்துக்குப் போறதைப் பார்த்துட்டு. அந்த ராத்திரி அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

ராட்ஜர்ஸ் அவரை அப்படியே விட்டுடல, அதையும் சொல்லணும். அவருக்கு வேலை கொடுக்கறதுக்காகவே அவங்களோட பழைய வெற்றி 'எ கனெக்டிகட் யாங்கி'யைப் புதுப்பிச்சு மறுபடி மேடையேத்தினார். ஹார்ட் புதுப் பாட்டு எழுதினார். அதுல ஒண்ணு, விவாகரத்து பிடிக்காத ஒரு ராணி தன் புருஷங்களை ஒவ்வொருத்தரா எப்படிப் போட்டுத் தள்ளினான்னு பாடற பாட்டு. வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அதை எழுதின வருஷம்தான் அவரோட அம்மா செத்துப் போனாங்க. வாழ்நாள் முழுக்க அவர் இருந்தது அம்மாவோட. அந்த ராணி பாட்டுதான் அவர் எழுதின கடைசிப் பாட்டு.

நவம்பர் 17 முதல் காட்சி. ஹார்ட் நல்ல போதையில வந்து அரங்கத்துக்குப் பின்னாடி நின்னு சத்தமா கூடவே பாட ஆரம்பிச்சுட்டார். வெளியே கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தக் குளிர்ல எங்கெங்கயோ சுத்தியிருக்கார். நிமோனியா. 22ஆம் தேதி முடிஞ்சுது. வயசு 48.

---

ஹாமர்ஸ்டைனோட அடுத்து வந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச சரித்திரம். 1945ல 'கரோசல்', 49ல 'சவுத் பசிபிக்' (அதுக்குப் புலிட்சர்), 51ல 'தி கிங் அண்ட் ஐ', 59ல 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'. நடுவுல ஊத்திக்கிட்டதும் உண்டு, அதை விட்டுடுவோம். 'கரோசல்' முதல் நாள் ராட்ஜர்ஸுக்கு முதுகுல அடி. ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சு பக்கவாட்டு மாடத்துல திரைக்குப் பின்னாடி கிடத்தியிருந்தாங்க. வலி மருந்து மயக்கத்துல ஜனங்க சிரிச்சதோ கைதட்டினதோ காதுல ஏறல. நாடகம் படுத்துடுச்சுன்னே முடிவு பண்ணிட்டார். 890 காட்சி.

இப்போ என் கட்சியைச் சொல்றேன்.

ஹார்ட் காலத்துப் பாட்டெல்லாம் உயிரோட இருக்கு, நாடகம் எல்லாம் போயிடுச்சு. 'மை ஃபன்னி வேலன்டைன்' எந்த நாடகம்னு ஜாஸ் ரசிகர்களே யோசிப்பாங்க. சினாட்ரா பாட்டுன்னுவாங்க, செட் பேக்கர் பாட்டுன்னுவாங்க. ஹாமர்ஸ்டைன் காலத்துல நாடகம் உயிரோட இருக்கு, பாட்டு அதுக்குள்ள வேர் விட்டிருக்கு. 'கரோசல்'ல ஒருத்தன் தனக்குக் குழந்தை பிறக்கப் போகுதுன்னு தெரிஞ்சு தனியா நின்னு ஏழெட்டு நிமிஷம் பாடுவான். மகன்னு நினைச்சுக் குதிப்பான், நடுவுல, ஐயோ, மகளா இருந்தான்னு தடுமாறுவான், மெட்டு அங்கேயே உடைஞ்சு வேற ஒண்ணா மாறும். அதைத் தனியா ரேடியோவுல போட்டா பாதி புரியாது. கதையில அந்த நிமிஷத்துக்குன்னே தைச்சது. மெட்டை முதல்ல போட்டு அப்படி ஒரு பாட்டைப் பண்ணவே முடியாதுன்னு நினைக்கறேன்.

ஆக, எது உசத்திங்கறது இல்ல விஷயம். மெட்டு முன்னாடி வந்தா பாட்டுக்குக் கால் முளைச்சுடுது, எங்க வேணா போகும். வரி முன்னாடி வந்தா அது அந்தப் பாத்திரத்தோட வாயிலயே ஒட்டிக்குது. எனக்குக் கால் முளைச்ச பாட்டுதான் பிடிக்கும். என் வீட்டுக்காரிக்கு 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' தவிர எதுவும் பிடிக்காது. குடும்பம் ஓடிட்டுதான் இருக்கு.

(ராட்ஜர்ஸுக்கே கால் முளைச்சது பிடிக்காதுங்கறது தனிக் காமெடி. தன் மெட்டை யாராவது வளைச்சுப் பாடினா கடுப்பாயிடுவார். மெட்டை மெட்டாப் பாடுங்கடான்னு அர்த்தம் வர்ற ஒரு பாட்டையே 1939ல ஹார்ட்டோட சேர்ந்து போட்டிருக்கார். ஆனா ஜாஸ் கலைஞர் கோல்ட்ரேன், 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'ல வர்ற 'மை ஃபேவரிட் திங்ஸ்'ஸை எடுத்து சாக்ஸஃபோன்ல கால் மணி நேரத்துக்குக் கிட்ட ஆலாபனை பண்ணி வச்சிருக்கார். நம்ம காதுக்கு அதுதான் சொந்தக்காரன் மாதிரி கேக்கும்.)

---

1960ல ஹாமர்ஸ்டைனும் போயிட்டார். அதுக்கப்புறம் ராட்ஜர்ஸ் பட்டது பெரிய பாடு. 62ல தானே வரியும் எழுதி 'நோ ஸ்ட்ரிங்ஸ்' போட்டார், டோனி விருது வாங்கினார். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' 65ல படமா வந்தப்போ புதுசா ரெண்டு பாட்டு வேணும்னாங்க, அதுக்கும் அவரே வரி. மோசமில்ல. ஆனா தனியா எழுதறது அவருக்குப் பிடிக்கல, பக்கத்துல ஒருத்தர் வேணும். ஆலன் ஜே லெர்னரோட சேர்ந்தார், வேலை நகரவே இல்ல, உடைஞ்சுது. ஹாமர்ஸ்டைன் மகன் மாதிரி வளர்த்த ஸ்டீபன் சோந்தைமோட ஒரு நாடகம், 65ல. ரெண்டு பேருக்கும் ஒத்தே வரல. அதுக்கப்புறமும் சோந்தைம் பெரும்பாலும் தன் மெட்டுக்குத் தானே எழுதிக்கிட்டார், நம்ம வாக்கேயக்காரர்கள் மாதிரி. சண்டையே இல்லாத முறை.

இடையில தாடையில புற்றுநோய், மன அழுத்தம், குடி. 1974ல குரல்வளையையே எடுத்துட்டாங்க. பாட்டுக்காரர்களுக்குப் பாடிக் காட்டறவருக்குக் குரலே போச்சு. மனுஷன் உணவுக்குழாய் வழியா காத்தை விட்டுப் பேசக் கத்துக்கிட்டு மறுபடி பிராட்வே வந்தார். 76ல ஒரு நாடகம், படு தோல்வி. 79ல இன்னொண்ணு, செப்டம்பர்ல மூடினாங்க. டிசம்பர் 30ல இறந்துட்டார். மகள் மேரியும் பேரன் ஆடமும் மேடை இசையமைப்பாளர்களா வந்தாங்க. நியூயார்க்ல அவர் பேர்ல இருக்கற தியேட்டர்லதான் 2015லேர்ந்து 'ஹாமில்டன்' ஓடுது.

என் கால் முளைச்ச தியரிக்கு ஒரு ஓட்டை இருக்கு. வரி முதல்ல வந்து மெட்டு அப்புறம் வந்த பாட்டு, நாடகத்தை விட்டு நகராதுன்னு சொன்னேன்ல? 'கரோசல்'ல, புருஷன் செத்துக் கிடக்கும்போது அவன் பொண்டாட்டிக்கு ஆறுதலா ஒரு பாட்டு வரும். 'யூ வில் நெவர் வாக் அலோன்'. 1963ல லிவர்பூல் பசங்க ஒரு குழு அதைப் பாடி, அது கால்பந்து மைதானத்துக்குப் போய், இன்னிக்கு வரைக்கும் லிவர்பூல் ரசிகர்கள் மஃப்ளரைத் தூக்கிப் பிடிச்சுட்டுப் பாடறாங்க.

அக்கா பையன் மான்செஸ்டர் சிட்டி ரசிகன். இதைச் சொன்னதும், "எங்க பாட்டு என்ன தெரியுமா மாமா?"ன்னான்.

'ப்ளூ மூன்'.

அந்த ரெண்டு டீமும் மோதற அன்னிக்கு ஒரு பக்கம் ஹார்ட் வரி, இன்னொரு பக்கம் ஹாமர்ஸ்டைன் வரி, ரெண்டு கூட்டமும் ராட்ஜர்ஸ் மெட்டைத்தான் தொண்டை கிழியக் கத்துது. எது முதல்ல வந்துச்சுன்னு அங்க ஒருத்தனும் கேக்கறதில்ல. ஆஃப்சைடா இல்லையாங்கறதுதான் சண்டை.